முகத்துவாரத்தை எதில் வரைவது? பன்மாறிச் சார்புகளுக்கான வரைபட மென்பொருள்

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, முகத்துவாரத்தில் அடிமணல் மேலேறி நிற்கும் இடம் ஒரு சேணப் புள்ளி. ஏரிப் பக்கமிருந்து கடலை நோக்கிப் படகு போகையில் தரை மெல்ல ஏறி வருகிறது, மேட்டின் உச்சியைத் தொடுகிறது, பிறகு கடலுக்குள் இறங்குகிறது. அதே உச்சியில் நின்று வடக்கும் தெற்குமாகப் பார்த்தால் நிலைமை தலைகீழ். இரண்டு பக்கமும் மணல் திட்டு உயர்ந்திருக்க, நடுவில் வாய்க்கால்தான் எல்லாவற்றிலும் தாழ்ந்த இடம். படகு போகும் திசையில் அந்தப் புள்ளி பெருமம். குறுக்குத் திசையில் சிறுமம். பாடப் புத்தகம் இதைச் சேணம் என்கிறது. சுண்ணாம்புக்குளத்துக்காரரும் கோட்டைக்குப்பத்துக்காரரும் புத்தகம் திறக்காமலே இதை அறிவார்கள். அந்த ஒரு புள்ளியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் படகு கடலுக்குப் போகுமா என்பதையும், ஏரிக்குள் வளர்ந்த இறால் கடலுக்குத் திரும்புமா என்பதையும் முடிவு செய்கிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த முகத்துவாரத்தையே உரைகல்லாக வைத்துக்கொள்ளப் போகிறோம். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் பகுதி வகைக்கெழுக்களைப் படித்துவிட்டு, பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரியிலோ சென்னைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலோ சேர்ந்து, முதல் பருவத்திலேயே பல மாறிகள் கொண்ட சார்புகளைச் சந்திக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, பெரும்பாலானவை இலவசம். எதை எடுப்பது என்ற குழப்பம் வருவது இயல்பு. அழகான படம் தருவது எது என்று கேட்டால் விடை எல்லாமே என்றுதான் வரும். உங்களிடம் இருக்கும் கேள்விக்கு விடை காட்டுவது எது என்று கேளுங்கள்.

முகத்துவாரத்தின் மாதிரி இது. எக்ஸ் அச்சு ஏரியிலிருந்து கடலை நோக்கி, ஒய் அச்சு தெற்கிலிருந்து வடக்கே. தண்ணீர் மட்டம் பூச்சியம். அடித்தரையின் உயரத்தை இப்படி எழுதுவோம்:

இசட் = ஒய் வர்க்கம் − எக்ஸ் வர்க்கம் − சி

ஆதிப்புள்ளியில் தரை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சி அலகு ஆழத்தில் இருக்கிறது. எக்ஸ் வழியே எந்தப் பக்கம் போனாலும் ஆழம் கூடுகிறது. ஒய் வழியே போனால் தரை உயர்ந்து திட்டாகிறது. இசட்டுக்குப் பூச்சியம் போட்டால் கரைக்கோடு கிடைக்கும்: அதிபரவளைவின் இரண்டு கிளைகள், ஒன்று வடகரை, ஒன்று தென்கரை. இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தின் அகலம், சியின் வர்க்கமூலத்தைப் போல் இரண்டு மடங்கு. சி 1 என்றால் வாய் 2 அலகு அகலம். மணல் ஏறி சி 0.25 ஆனால் அகலம் 1. சி 0.01 ஆகும்போது 0.2. சி பூச்சியமானால் இரண்டு கரைகளும் ஒரு புள்ளியில் தொட்டு, குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு நேர்கோடுகளாகின்றன. சி அதற்கும் கீழே, குறை எண்ணானால் கிளைகள் திரும்பிக்கொள்கின்றன. இப்போது ஒரு கிளை ஏரியின் கரை, மற்றது கடலின் கரை. நடுவே காய்ந்த மணல். முகத்துவாரம் அடைத்துவிட்டது.

தாளில் இரண்டாம் வகைக்கெழுச் சோதனையைச் செய்து பாருங்கள். பகுதி வகைக்கெழுக்கள் குறை 2 எக்ஸ், கூட்டல் 2 ஒய். இரண்டும் ஆதிப்புள்ளியில் பூச்சியம். சோதனைக் கோவையின் மதிப்பு குறை 4. ஆகவே சேணம், கணக்கு முடிந்தது, முழு மதிப்பெண். ஆனால் இந்தக் கணக்கில் எங்கேயாவது சி வந்ததா? வரவே இல்லை. வாய் திறந்திருந்தாலும் அடைத்திருந்தாலும் சோதனை ஒரே விடையைத்தான் சொல்லும். மீனவருக்கு வேண்டியது சேணம் இருக்கிறதா என்பதல்ல, அது தண்ணீருக்கு மேலேயா கீழேயா என்பது. தாளில் நழுவிப்போகும் இந்த விஷயத்தைக் கண்ணுக்குக் காட்டுவதற்காகத்தான் மென்பொருளைத் தேடுகிறோம்.

முதலில் தட்டையாகப் பாருங்கள்

மென்பொருளைத் திறந்ததும் எல்லோரும் செய்வது முப்பரிமாண மேற்பரப்பை விரலால் சுழற்றுவது. அதில் மகிழ்ச்சி உண்டு, நானும் தடுக்கமாட்டேன். ஆனால் தேர்வு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்த மென்பொருள் சமமட்டக் கோடுகளை, அதாவது சார்பின் மதிப்பு ஒன்றாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகளை, எவ்வளவு நன்றாக வரைகிறது என்பதை. மேற்பரப்பில் ஒரு மேடு இன்னொரு பள்ளத்தை மறைக்கும். பார்க்கும் கோணம் மாறினால் சரிவு கூடினாற்போலவும் குறைந்தாற்போலவும் தோன்றும். தட்டைப் படத்தில் எதுவும் எதையும் மறைப்பதில்லை. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் தரை சமதளம், கோடுகள் பெருக்கல் குறிபோல் வெட்டிக்கொண்டால் அங்கே சேணம். கிரேடியன்ட் எனப்படும் சாய்வுத் திசையன் எப்போதும் கோட்டுக்குச் செங்குத்து.

இந்தக் கோடுகள் கணித வகுப்பில் பிறந்தவை அல்ல, தண்ணீரின் ஆழத்தை அளந்தவர்களிடமிருந்து வந்தவை. 1584இல் பீட்டர் புருயின்ஸ் என்ற டச்சு நில அளவையாளர் ஸ்பார்னே ஆற்றின் வரைபடத்தில் சம ஆழமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தார். நமக்குத் தெரிந்த மிகப் பழைய சம ஆழக் கோடு அதுதான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613இல், அதற்கு ஒரு தலைமுறை கழித்து.

இன்றும் அதே கோடுகள் நம் கடற்கரையில் வேலை செய்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், மீன் கிடைக்கக்கூடிய கடற்பகுதிகளை அறிவிக்கிறதே, அதன் அடிப்படை என்ன? செயற்கைக்கோள் அளந்த கடல் மேற்பரப்பு வெப்பநிலை, இடத்தைப் பொறுத்த இருமாறிச் சார்பு. அதன் கிரேடியன்ட் எங்கே சட்டென்று பெரிதாகிறதோ, அதாவது குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் எங்கே முட்டுகின்றனவோ, அங்கே உணவு சேர்கிறது, மீன் கூடுகிறது. கூடவே பாசிப் பச்சையத்தின் அளவையும் பார்க்கிறார்கள். அப்பாவின் போனுக்கு வரும் அறிவிப்பும் உங்கள் பாடத்தின் மூன்றாம் அலகும் ஒரே பொருள்தான். இதை நினைத்துக்கொண்டு படித்தால் சமமட்டக் கோடு என்ற சொல் சலிக்காது.

கையில் போன் மட்டும் இருந்தால்

பலருக்கு இதுதான் நிலைமை, ஆகவே இதையே விரிவாகச் சொல்கிறேன். போனில் முதலில் போட வேண்டியது ஜியோஜீப்ரா. 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று வரும் பக்கங்களில் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அதன் முப்பரிமாணக் கணிப்பான் செயலியை ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே இயங்கும். ஏரிக்கரையில் சிக்னல் விட்டு விட்டு வரும் இடங்களில் இந்த ஒரு குணமே அதை முன்னால் நிறுத்திவிடுகிறது.

செய்முறை எளிது. சி என்று ஒரு நகர்த்தியை உண்டாக்குங்கள், குறை 1 முதல் 2 வரை. மேலே சொன்ன சமன்பாட்டை உள்ளிடுங்கள். அடுத்த வரியில் இசட் சமம் பூச்சியம். இந்தத் தளம்தான் தண்ணீர். அதற்கு நீல நிறம் கொடுத்துக் கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி வையுங்கள். இப்போது சியை 2இலிருந்து கீழே இறக்குங்கள். மணல் எழும்பி வருவதும், தண்ணீர் ஒடுங்குவதும், பூச்சியத்தில் இரண்டு திட்டுகளும் தொடுவதும், அதைத் தாண்டியதும் தண்ணீர் இரண்டாகப் பிரிவதும் தெரியும். இதைப் பார்த்த பிறகு மாறுநிலைப் புள்ளியைத் தாண்டும்போது சமமட்டக் கோட்டின் வடிவமே மாறும் என்ற தேற்றத்தை யாரும் உங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய திரை கிடைத்தால் ஜியோஜீப்ரா கிளாசிக்கில் தட்டைச் சாளரத்தையும் முப்பரிமாணச் சாளரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கலாம். நான் மிகவும் விரும்பும் அமைப்பு அது.

டெஸ்மாஸ் அதைவிட வேகமாக எழுத வரும். உள்ளீடு செய்யும் விதம் இனிமையானது, நகர்த்திகள் தாமாகவே உருவாகும். அதன் முப்பரிமாணக் கணிப்பான் 2023இல்தான் பொதுமக்களுக்கு வந்தது. தட்டைக் கணிப்பானில் ஒய் வர்க்கம் கழித்தல் எக்ஸ் வர்க்கம் சமம் சி என்று அப்படியே போட்டால் கரைக்கோடு உடனே வந்துவிடும். தட்டை வேலைக்கு இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, நம் ஊரில் அதிகம் பேசப்படாத ஒன்று: கால்க்பிளாட் 3டி. நியூயார்க் மாநிலத்தின் மன்ரோ கம்யூனிட்டி கல்லூரியில் கற்பிக்கும் பால் சீபர்கர் பன்மாறி நுண்கணித மாணவர்களுக்காகவே உருவாக்கியது. உலாவியிலேயே இயங்குகிறது. முகப்பு கொஞ்சம் பழைய பாணி, முதல் பார்வையில் பொத்தான்கள் மிரட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். சமமட்டக் கோடுகள், அவற்றின் மேல் கிரேடியன்ட் அம்புகள், தொடுதளம், திசைவழி வகைக்கெழு, லக்ராஞ்சி பெருக்கி ஆகிய எல்லாமே பாடத்திட்டத்தின் வரிசையில் உள்ளே இருக்கின்றன. கட்டுப்பாட்டு வளைவரை ஒன்றின் மேல் புள்ளியை நகர்த்திக்கொண்டே போனால், இரண்டு கிரேடியன்ட்களும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் இடத்தைக் கண்ணால் பிடிக்கலாம். லக்ராஞ்சி முறை ஏன் சரி என்பது அந்த நொடியில் புரியும். ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டின் பாதையைப் போன்ற வெளி வளைவரைகளுக்கும், அவற்றின் தொடுகோட்டு, செங்கோட்டுத் திசையன்களுக்கும் இதுவே நல்லது. குறை ஒன்றுதான், இணையம் வேண்டும்.

வோல்ஃப்ரம் ஆல்ஃபா? விடை சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எந்த எல்லைகளுக்குள் வரைய வேண்டும் என்பதை அது தானே முடிவு செய்கிறது, படத்தை நீங்கள் முழுதும் ஆள முடிவதில்லை. கற்கும் வயதில் அந்த ஆளுகையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

லேப்டாப் கிடைத்தால்

தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பழைய இயந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். அது சி-டாக் சென்னையில் உருவாக்கிய இந்திய லினக்ஸ். திறன் குறைந்த அந்த இயந்திரங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். க்னூபிளாட், மேக்சிமா, ஆக்டேவ் மூன்றும் அவற்றில் ஓடும்.

க்னூபிளாட் 1986இலிருந்து இருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதி வரைய வேண்டும், அதனால் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு மாலை உட்கார்ந்தால் பழகிவிடும். ஆக்டேவ், மேட்லேப்பின் கட்டளைகளைப் பெரும்பாலும் அப்படியே ஏற்கும். கல்லூரி ஆய்வகத்தில் மேட்லேப் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் ஆக்டேவில் பயிற்சி செய்துகொள்ளலாம். விலை கொடுத்து மேட்லேப், மேத்தமேட்டிகா, மேப்பிள் எதையும் வாங்க வேண்டியதில்லை. கல்லூரி உரிமம் கொடுத்தால் பயன்படுத்துங்கள், அவ்வளவுதான்.

ஓரளவு நல்ல லேப்டாப் என்றால் பைத்தானும் அதன் மேட்பிளாட்லிபும். இதைத் தயங்காமல் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டுக்கு மேல் படிக்க நினைப்பவருக்கு இது ஒன்று போதும், வேலைக்கும் இது கூட வரும். மேட்பிளாட்லிபை 2003இல் ஜான் ஹன்டர் வெளியிட்டார். முப்பரிமாணத்தில் அதற்கு அவ்வளவு வல்லமை இல்லை. மூன்று மாறிச் சார்பின் சமமட்டப் பரப்புகள், அம்புகள் நிறைந்த திசையன் புலம் என்றெல்லாம் வரும்போது மயாவி எடுத்துக்கொள்ளலாம். மயாவியை உருவாக்கிய பிரபு ராமச்சந்திரன் சென்னை ஐஐடியில் விமானப் பொறியியல் ஆய்வு மாணவராக இருந்தவர், பின்னர் மும்பை ஐஐடியில் பேராசிரியரானார். உலகம் முழுவதும் அறிவியலாளர்கள் திறக்கும் ஒரு கருவியின் வேர் கிண்டியில் இருக்கிறது. அதே மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் திறமூல மென்பொருள்களுக்கான காணொளிப் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் திணறும் தங்கைக்குக் காட்டுங்கள்.

ஜியோஜீப்ராவை 2021இல் பைஜூஸ் நிறுவனம் வாங்கியது. கல்விப் பயன்பாட்டுக்கு அது இலவசமாகவே தொடர்கிறது. ஆனாலும் யாருடைய கையிலும் சிக்காத ஒரு திறமூலக் கருவியையாவது பழகி வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பைத்தானோ க்னூபிளாட்டோ, ஏதாவது ஒன்று.

படம் ஏமாற்றும் இடங்கள்

பழவேற்காடு ஏரியின் நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். இதை உண்மை விகிதத்தில் 60 சென்டிமீட்டர் தாளில் வரைந்தால் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதாவது ஒன்றுமே தெரியாது. ஆகவே பல மென்பொருள்கள் செங்குத்து அச்சை இழுத்துப் பெரிதாக்கித்தான் காட்டுகின்றன, பெரும்பாலும் உங்களிடம் சொல்லாமல். மேட்பிளாட்லிபின் முப்பரிமாணப் பெட்டி, நீங்கள் எதைக் கொடுத்தாலும் 4:4:3 என்ற வடிவத்துக்குள் அமுக்கிவிடும். ஏரியின் அடித்தரை கொல்லிமலை மாதிரி எழுந்து நிற்கும். இழுத்தது தவறில்லை, இழுக்காமல் பார்க்கவே முடியாது. எத்தனை மடங்கு இழுத்தோம் என்பதைப் படத்திலேயே எழுத வேண்டும். அச்சுகளின் விகிதத்தை நீங்களே மாற்ற வசதி தராத மென்பொருளை விலக்கிவிடுங்கள். ஜியோஜீப்ரா அமைப்புகளில் அந்த வசதி இருக்கிறது. மேட்பிளாட்லிபில் பெட்டி விகிதக் கட்டளை 3.3 பதிப்பிலிருந்து உண்டு.

அடுத்தது வலைக்கண். மீன் வலைக்குச் சொல்வது இங்கும் பொருந்தும்: கண்ணின் அளவைவிடச் சிறியது தப்பிவிடும். எந்த மென்பொருளும் சார்பின் எல்லாப் புள்ளிகளையும் கணக்கிடுவதில்லை. ஒரு கட்டவலை போட்டு, அந்தச் சந்திப்புகளில் மட்டும் கணக்கிட்டு, நடுவே ஊகித்து நிரப்புகிறது. க்னூபிளாட் ஒரு பக்கத்துக்கு 10 கோடுகளோடுதான் தொடங்கும். நம் மாதிரியை இரு அச்சுகளிலும் குறை 4 முதல் 4 வரை வரைந்தால் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ 0.89. சி 0.01 ஆக இருக்கையில் வாய் 0.2 அலகுதான் என்று பார்த்தோம். முழு முகத்துவாரமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிப்போய்விடுகிறது. அதன் உண்மை அகலம் மென்பொருளுக்குத் தெரியாது, தன் போக்கில் ஒன்றை வரைந்துவிடும். ஐசோசாம்பிள்ஸ் அமைப்பை 200 என்று மாற்றுங்கள், கட்டம் 0.04 ஆகும், வாய் சரியாகத் தெரியும்.

மேட்பிளாட்லிபில் இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று. மேற்பரப்பு வரையும் கட்டளைக்கு ஆயிரத்துக்கு ஆயிரம் அளவுகளைக் கொடுத்தாலும், நீங்கள் வேறு சொல்லாதவரை, ஒரு பக்கத்துக்கு 50 அளவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வரைகிறது. எச்சரிக்கை எதுவும் வராது. 60 கிலோமீட்டர் ஏரியில் 50 அளவு என்றால் இரண்டு அளவுகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேல். சில நூறு மீட்டரே உள்ள முகத்துவாரம் படத்திலிருந்து காணாமலே போகலாம். திறந்திருக்கும் வாயைப் படம் அடைத்துக் காட்டும். சமமட்டக் கோடு வரையும் கட்டளை இப்படிப் பொறுக்குவதில்லை. தட்டையாக முதலில் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம்.

எந்த மென்பொருளாலும் சரியாக வரைய முடியாத சார்புகளும் உண்டு. எக்ஸ் ஒய் பெருக்கலை, எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒய் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். அச்சுகள் வழியே ஆதிப்புள்ளிக்கு வந்தால் மதிப்பு பூச்சியம். எக்ஸும் ஒய்யும் சமமாக இருக்கும் கோட்டில் வந்தால் அரை. எல்லை மதிப்பு இல்லை. திரையில் நடுவே ஒரு கசங்கிய தண்டு போல் எதையோ காட்டும். அங்கே படத்தை நம்பாமல் தாளுக்குத் திரும்ப வேண்டும். எக்ஸ் வர்க்கத்தை ஒய்யால் பெருக்கி, எக்ஸின் நான்காம் படி கூட்டல் ஒய் வர்க்கத்தால் வகுக்கும் சார்பு இன்னும் வஞ்சகமானது. எந்த நேர்கோட்டில் வந்தாலும் பூச்சியம் என்று சாதிக்கும், பரவளைவில் வந்தால் மட்டும் அரை என்று காட்டிக்கொடுக்கும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வானவில் நிறங்கள் வேண்டாம். மஞ்சள் பச்சையாகும் இடத்தில் தரையில் இல்லாத ஒரு விளிம்பு கண்ணுக்குத் தெரியும். மேட்பிளாட்லிப் 2017இல் தன் இயல்பு நிறவரிசையை வானவில்லிலிருந்து விரிடிஸ் என்ற வரிசைக்கு மாற்றியது இதனால்தான். அது கரு ஊதாவிலிருந்து மஞ்சள் வரை சீராக வெளுக்கிறது. சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது தெரியும்.

கழியால் அளந்த ஆழம்

இதுவரை சமன்பாடு கையில் இருந்தது. உண்மை ஏரிக்குச் சமன்பாடு கிடையாது, அளவுகள்தான் உண்டு. வாய்ப்புக் கிடைத்தால் நீங்களே அளந்து பாருங்கள் என்பேன். கழியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, தெரிந்தவர் படகில், உயிர்காப்பு உடுப்போடு, ஏரிக்குள்ளேயே, முகத்துவாரத்து இழுப்புக்குத் தள்ளி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் போனின் ஜிபிஎஸ் எண்கள், ஆழம், மணி ஆகிய மூன்றையும் குறியுங்கள். மணி ஏன் என்றால் ஓதம் ஏறி இறங்கும்போது எல்லா ஆழமும் சேர்ந்து மாறும். காலையில் எடுத்ததையும் மாலையில் எடுத்ததையும் அப்படியே கலக்கக் கூடாது. கரையில் ஒரு முளை அடித்து நீர்மட்டத்தை அவ்வப்போது பார்த்துவைத்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

எங்கே நெருக்கமாக அளப்பது, எங்கே விட்டு விட்டு அளப்பது என்று படகுக்காரரிடம் கேளுங்கள். “பெரியப்பா, எந்தெந்த இடத்துல தரை சட்டுனு மாறும்?” என்றால், “பாடு போடுற இடத்தாண்ட நல்லா கிட்டக் கிட்ட பாரும்மா, நடு ஏரியில எல்லாம் ஒரே மட்டம்தான்” என்பது போல ஒரு பதில் வரும். கிரேடியன்ட் பெரிதாக இருக்கும் இடத்தில் மாதிரிப் புள்ளிகளை நெருக்கு என்று எண்ணியல் பகுப்பாய்வு சொல்வதும் இதையேதான். பாடு முறையில் ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் இடங்கள் நீரோட்டத்தையும் தரையையும் தலைமுறைகளாகப் படித்துத் தேர்ந்தவை. அந்த அறிவை மதித்து அதன்மேல் உங்கள் வரைபடத்தைக் கட்டுங்கள்.

இப்படிச் சிதறிக் கிடக்கும் அளவுகளுக்கு ஜியோஜீப்ராவும் டெஸ்மாஸும் உதவா, அவை சமன்பாட்டைக் கேட்பவை. மேட்பிளாட்லிபில் முக்கோண வலைமேல் சமமட்டக் கோடு வரையும் கட்டளை இருக்கிறது. அதுவே என் முதல் தேர்வு, ஏனென்றால் அளந்த புள்ளிகளை அது மாற்றுவதில்லை. க்னூபிளாட்டில் டிகிரிட்3டி இருக்கிறது, ஆனால் அது மதிப்புகளைச் சராசரியாக்கி மழுக்கிவிடும், குறுகிய வாய்க்கால் ஆழம் குறைந்துபோகும். கரை, ஊர், சாலை எல்லாம் சேர்ந்த நிலப்படமாக வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம்.

உப்பின் அளவை வரைய ஆசைப்பட்டால் இன்னொரு மாறி கூடுகிறது, காலம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்ட, ஏரி ஏறக்குறைய உப்பில்லாத நீராகும். கோடையில் வாய் அடைத்து வெயில் காய்ந்தால் லிட்டருக்கு 35 கிராம் உள்ள கடல்நீரையும் மிஞ்சும். இடத்துக்கு இரண்டு, காலத்துக்கு ஒன்று என்று மூன்று மாறிகள். இதை ஒரே மேற்பரப்பாக வரைய வழியில்லை. மாதத்துக்கு ஒரு தட்டைப் படம், எல்லாவற்றுக்கும் ஒரே நிறவரிசை, ஒரே எல்லைகள், பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்கள். ஓடும் காணொளியைவிட இது தெளிவு, அக்டோபரையும் மேயையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். எல்லைகளை மென்பொருள் தானே தேர்ந்தெடுக்க விட்டால் ஒவ்வொரு படத்திலும் நிறத்தின் பொருள் மாறி எல்லாம் பாழாகும்.

படத்தில் தமிழில் எழுத நினைப்பவர்களுக்கு: மேட்பிளாட்லிப் நெடுங்காலமாகத் தமிழ் எழுத்துகளைக் கோத்து எழுதத் தெரியாமல் இருந்தது. தமிழ் எழுத்துரு கொடுத்தாலும் கொம்பு, எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் விழும். உங்கள் கணினியில் உள்ள பதிப்பில் ‘கொண்டல்’ என்று எழுதிச் சோதித்துப் பாருங்கள். உடைந்தால், க்னூபிளாட்டின் பிஎன்ஜிகெய்ரோ முனையம் சரியாக எழுதும். உலாவியில் இயங்குபவற்றில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வேறு வழியே இல்லையென்றால் படத்தை எழுத்தில்லாமல் சேமித்து, லிப்ரே ஆபீஸில் தமிழ்ப் பெயர்களை மேலே ஒட்டுங்கள்.

கடைசியில் அச்சு. ஆசிரியரிடம் கொடுப்பதோ ஊர்க் கூட்டத்தில் காட்டுவதோ பெரும்பாலும் ஜெராக்ஸ் கடையின் கறுப்பு வெள்ளைத் தாளாகத்தான் இருக்கும். நிறத்தை நம்பி வரைந்த படம் அங்கே ஒரே சாம்பலாகிவிடும். ஒவ்வொரு கோட்டின் மேலும் ஆழத்தை எண்ணால் எழுதச் செய்யுங்கள், பெரும்பாலான மென்பொருள்களில் அதற்கு வழி இருக்கிறது. பூச்சியக் கோட்டை மட்டும் தடிமனாக்குங்கள், அதுதான் கரை. படத்தின் கீழே அளந்த தேதி, மணி, செங்குத்து அச்சை எத்தனை மடங்கு இழுத்தீர்கள் என்ற எண், கட்டவலையின் அளவு, இவை நான்கும் இருக்கட்டும்.